டெபுடி ஷெரிஃப் காரில் இசைக்கவை எதற்கு?

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவரின் கேள்வி: எதிரே வந்த டெபுடி ஷெரிஃப், தன் காரும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மருமகனின் காரை ரேடாரால் அளந்து "எழுபது மைல் வேகத்தில் வந்தீர்கள்" என்று அபராதச் சீட்டு கொடுத்தாராம், அது எப்படிச் சரியாக இருக்கும்?

நகரங்களுக்குள் நகரப் போலீஸ், எந்த நகராட்சியிலும் சேராத கவுண்டிப் பகுதிகளில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) பெரும்பாலும் ஷெரிஃப் அலுவலகம். ஷெரிஃபை அநேக மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரோந்து, சம்மன், சிறைக்காவல் எல்லாம் அவருக்குக் கீழே இருக்கும் டெபுடிகளின் வேலை.

சரி, ரேடார். பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான். பரவலாகப் புழங்கும் ஒரு வகை ரேடார் நொடிக்கு 2,415 கோடி அதிர்வுகள் கொண்ட அலையை அனுப்புகிறது, நம்மை நோக்கி வரும் காரில் பட்டுத் திரும்பும்போது மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு வெறும் 72 அதிர்வுகள் கூடுகின்றன. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நேரடியாக அளக்கப் போனால் பெரிய தலைவலி. அதனால் போகிற அலையையும் வருகிற அலையையும் கலந்துவிடுகிறார்கள், வித்தியாசம் மட்டும் தனியாக வந்து நிற்கும். எழுபது மைலுக்குச் சுமார் 5,040 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். நம் காது கேட்கிற அளவு! ரேடாரின் ஸ்பீக்கரில் டெபுடி அந்த வேகத்தை ஒரு கீச்சொலியாகவே கேட்கிறார்.

தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் அதிரும் இரு கரமுள்ள உலோகக் கவை, அதாவது இசைக்கவை (tuning fork), வருவது இங்கேதான். 2,521 ஹெர்ட்ஸில் அதிரும் கவையைத் தட்டி ரேடாருக்கு முன்னால் பிடித்தால், முன்னும் பின்னும் ஆடும் அதன் கரங்களைப் பார்த்து ரேடார் 35 மைல் என்று காட்ட வேண்டும். எவ்வளவு அழகான சோதனை!

ஓடும் காரில் சாலையிலிருந்தும் எதிரொலி வரும், அது ரோந்துக் காரின் சொந்த வேகம். எதிர்க்காரின் எதிரொலி இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகை. கழித்தால் விடை. இதைச் சோதிக்க 65 மைல் (கூட்டுத்தொகைக்கு), 35 மைல் (சொந்த வேகத்துக்கு) காட்டும் இரண்டு கவைகளைச் சேர்த்துப் பிடிப்பார்கள், எதிர்க்கார் 30 என்று வர வேண்டும்.

கோளாறு வருவதும் இந்தக் கழித்தலில்தான். சாலை எதிரொலி சாய்கோணத்தில் வந்தால் சொந்த வேகம் குறைவாகத் தெரியும், அந்தக் குறை அப்படியே எதிர்க்காரின் தலையில் ஏறும். அதனால்தான் ஸ்பீடோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். 1979இல் மயாமியில் ஒரு பனைமரம் 86 மைல் வேகத்தில் போவதாக ரேடார் காட்டியது, நீதிபதி ரேடார் சாட்சியத்தையே ஏற்க மறுத்தார். கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் பயிற்சிக்கும் அளவுதிருத்தத்துக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருமகன் வழக்காட நினைத்தால், அன்றைய கவைச் சோதனைப் பதிவைக் கேட்கச் சொல்லுங்கள்.