பாட்டில் எப்படிச் செங்கல் ஆகிறது?

காலி தண்ணீர் பாட்டிலை மிதித்தால் சப்பையாகிவிடும். அதிலேயே மணலை இறுக அடைத்து, மூடியைத் திருகிவிட்டு மிதித்துப் பாருங்கள். கால்தான் வலிக்கும்.

அல்ஜீரியாவின் டின்டூஃப் அருகே உள்ள சஹ்ராவி அகதி முகாம்களில் இதை வைத்து வீடே கட்டியிருக்கிறார்கள். 1975இல் மேற்கு சஹாராவில் மூண்ட போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம்கள் அவை. அங்கே வழக்கமான வீடு, வெயிலில் காயவைத்த மண்கல்லால் ஆனது. 2015 அக்டோபர் மழையில் ஆயிரக்கணக்கான வீடுகள் கரைந்தன. சுடாத மண்கல்லின் களித்துகள்களைச் சேர்த்துப் பிடிப்பதில் பெரும்பங்கு, இடுக்குகளில் எஞ்சிய துளி ஈரத்தின் இழுவிசைக்கு உண்டு. அதே இடுக்குகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் பிடி விட்டுப்போகும், சுவர் சேறாகும்.

முகாமில் பிறந்து, கேனரி தீவுகளில் ஆற்றல் சிக்கனம் படித்துத் திரும்பிய தாத்தே லெஹ்பிப் கட்டிய முதல் வீடு அவருடைய பாட்டிக்கு. (பாட்டிலால் பாட்டிக்கு வீடு, தமிழில்தான் இந்த வேடிக்கை.) குப்பையில் பாட்டில் பொறுக்கியவரை ஊரார் பைத்தியம் என்றார்களாம். பிறகு ஐ.நா. அகதிகள் முகமையின் உதவியில் 25 வீடுகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் சுமார் 6,000 பாட்டில்கள்.

சுமையைத் தாங்குவது மணல்தான். அதன் குறை, அழுத்தினால் பக்கவாட்டில் நழுவி ஓடும். ஓடவிடாமல் தடுத்தால் மணிகள் ஒன்றையொன்று நெருக்கி, உராய்வு ஏறி, கல்போல் இறுகும். பாட்டிலுக்கு அந்தக் காவல் வேலை.

படுக்கவைத்த பாட்டிலின் குறுக்குவெட்டு வட்டம். ஒரே பரப்பளவை அடைக்கும் வடிவங்களில் சுற்றளவு மிகக் குறைந்தது வட்டம்தான். ஆகவே அதை நசுக்கி முட்டை வடிவாக்க, உள்ளே மணல் சுருங்காதவரை, சுற்றளவு நீண்டாக வேண்டும். பெட் (PET) எனும் பாட்டில் பிளாஸ்டிக்கோ, பாட்டிலாக ஊதப்படும்போதே இரு திசையிலும் இழுபட்டு, மூலக்கூறுகள் வரிசைப்பட்டு நிற்பது. இன்னும் நீள எளிதில் இணங்காது.

அதனால் கைப்பக்குவம் முழுக்க நிரப்புவதில் இருக்கிறது. தட்டித் தட்டி, கழுத்துவரை அடைக்க வேண்டும். விரலளவு வெற்றிடம் விட்டாலும் மணல் அங்கே நழுவும், வட்டம் சப்பும்.

புற ஊதாக் கதிர் பட்டால் பெட் நாளடைவில் நொறுங்கும். மேலே பூசும் சிமென்ட் அதற்கு நிழல். வீடும் வட்டமாக இருப்பதால் மணற்புயல் மோத மூலையோ தட்டையான முகமோ இல்லை. கனத்த மணல் சுவர் பகல் சூட்டை மெல்லத்தான் உள்ளே விடுகிறது. கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் அந்தத் தாமதம் பெரிது. மழையில் பூச்சு பெயர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். பாட்டிலுக்குள் மணல் நனைந்திருக்காது.