அப்டேட் போட்டதும் திரை 1024×768-இல் நிற்கிறதா? ஃபார்மேட் செய்யும் முன் டிரைவரைப் பாருங்கள்

கல்லூரி ஆய்வகங்களிலும் சின்ன அலுவலகங்களிலும் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் மூன்றும்தான் அதிகம். அப்டேட் ஓடிய மறுநாள் காலையில் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: "சார், எழுத்தெல்லாம் பெரிசு பெரிசா தெரியுது, கீழே இருக்கிற பட்டனே காணோம்." செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்தால் 1024×768 அல்லது 800×600 தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்க முடியாது. முந்தின நாள் வரை 1920×1080-இல் ஓடிய அதே மானிட்டர்.

இதற்காகவே கணினியை ஃபார்மேட் செய்து புதிதாக லினக்ஸ் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அவசரத்தில் கணக்குக் கோப்புகளை இழந்தவர்களும் உண்டு. நல்ல மானிட்டரைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்கியவர்களும் உண்டு. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்: உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது என்று தெரியும்வரை எதையும் அழிக்காதீர்கள், வலையில் கிடைத்த கட்டளை எதையும் டெர்மினலில் ஒட்டாதீர்கள்.

இன்றைய வேலை நிற்கக் கூடாதென்றால் முதலில் இதைச் செய்யுங்கள். கணினியை ரீபூட் செய்து, தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் கிரப் மெனு (எதைக் கொண்டு தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) வரும்; பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் உள்ளே போய் முந்தைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்தெடுங்கள். திரை பழையபடி வந்துவிட்டால் இரண்டு லாபம். வேலை நடக்கும், புதிய கெர்னலுக்கும் டிரைவருக்கும்தான் ஒத்துப்போகவில்லை என்பதும் தெரிந்துவிடும். பிரச்சினை தீரும்வரை ஆட்டோரிமூவ் கட்டளையை மட்டும் ஓட்டாதீர்கள், அந்தப் பழைய கெர்னலை அது நீக்கிவிடக்கூடும்.

சரி, 1024×768 எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் குறைந்தது 128 பைட் அளவில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. ஈடிஐடி என்பார்கள். யார் தயாரித்தது, எந்தெந்த ரெசல்யூஷன் தாங்கும், எது உகந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். கேபிளில் இதற்கென்றே இரண்டு கம்பிகள் உண்டு. விஜிஏ கேபிளில் 12-ஆம் பின், 15-ஆம் பின். கெர்னலில் உள்ள கிராஃபிக்ஸ் டிரைவர் அந்தக் கம்பிகள் வழியாகக் குறிப்பைப் படித்து, அதற்கேற்ப ரெசல்யூஷனை வைக்கிறது. டிரைவர் நன்றாக இருந்தும் குறிப்பு வந்து சேரவில்லையென்றால், எந்த மானிட்டரும் தாங்கக்கூடிய சின்ன அளவுகளை மட்டும் கெர்னல் கொடுக்கும். அதன் உச்சவரம்பு 1024×768. டிரைவரே ஏறவில்லையென்றால் கதை வேறு: கணினி தொடங்கும்போது பயாஸ் எந்த அளவில் படத்தை விட்டுச்சென்றதோ அதிலேயே திரை நிற்கும். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வைத்தியம் வேறு வேறு.

பிரித்துக் காட்ட ஒரு கட்டளை போதும்: எல்எஸ்பிசிஐ -கே (lspci -k). அதன் வெளியீட்டில் விஜிஏ அல்லது 3டி கன்ட்ரோலர் என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள். அதன் கீழே கெர்னல் டிரைவர் இன் யூஸ் என்ற வரியில் ஐ915, ஏஎம்டிஜிபியு, நூவோ, என்விடியா போன்ற ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை. செட்டிங்ஸின் அபௌட் பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று வந்தாலும் அநேகமாக அதுதான் பொருள். படம் வரையும் வேலையை கார்டுக்குப் பதிலாக பிராசஸர் செய்துகொண்டிருக்கிறது. சன்னலை இழுத்தால் திக்கித் திக்கி நகர்வதும் அதனால்தான்.

நான் பார்த்தவரை டிரைவர் ஏறாமல் போவது என்விடியா கார்டு உள்ள கணினிகளில்தான் அதிகம். இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. என்விடியாவின் சொந்த டிரைவர் அப்படி இல்லை. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதன் மாட்யூலை, அதாவது கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டை, தனியாகக் கட்ட வேண்டும். பல கணினிகளில் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும். மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் ஹெடர்ஸ் தொகுப்பு இல்லையென்றால் அது தோற்கும். பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தால் தொடக்கக் கோப்பு எழுதும் இடத்தில் தடுக்கும். அப்டேட் ஓடும்போது இந்தப் பிழைகள் திரையில் வரத்தான் செய்கின்றன. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே யார் கண்ணிலும் படுவதில்லை. கூடவே இன்னொரு சிக்கல்: என்விடியா டிரைவரை நிறுவும்போது, கெர்னலோடு வரும் நூவோ டிரைவர் தடைப்பட்டியலில் போய்விடுகிறது. ஆகவே என்விடியா ஏறாத நாளில் நூவோவும் கைகொடுக்காது.

ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாட்யூல் ஒழுங்காகவே கட்டப்பட்டிருந்தது. ஆனால் மாட்யூலை ஏற்றும் மோட்புரோப் கட்டளை கொண்டு கையால் ஏற்றினால் கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ் என்று பிழை வந்தது. செக்யூர் பூட் (தொடக்கத்தில் நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், கையொப்பமில்லாத மாட்யூலையும், முன்பின் தெரியாத சாவியால் கையொப்பமிட்ட மாட்யூலையும் கெர்னல் ஏற்காது. அப்டேட்டின்போது புதிய சாவி உருவாகியிருக்கிறது, ஒரு கடவுச்சொல்லும் கேட்டிருக்கிறது. அடுத்த ரீபூட்டில் அந்தச் சாவியைப் பதிவதற்கான நீலத்திரை 10 வினாடி மட்டும் காத்திருக்கும். அங்கே வேலை செய்யும் பெண், "அண்ணா, நீலமா ஏதோ வந்துச்சு, பயந்து கன்டினியூ கொடுத்துட்டேன்" என்றார். யாரும் சொல்லித்தராத திரை அது, அவர் என்ன செய்வார்? மோக்யூட்டில் கருவியால் சாவியைப் பதியும் கோரிக்கையை மறுபடி வைத்து, ரீபூட் செய்து, நீலத்திரையில் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் 1920×1080 வந்துவிட்டது.

இந்த இடத்தில் பலர் செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்வார்கள். அதே கணினியில் விண்டோஸும் இருந்து, பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டும் இயங்கினால், அப்புறம் விண்டோஸைத் திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாதவருக்குத் திரைப் பிரச்சினை தரவு இழப்பாக மாறிவிடும். அதனால் இந்த யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பழைய கார்டுகளுக்கு வேறு சங்கடம். என்விடியா தன் புதிய டிரைவர்களில் பழைய தலைமுறைகளைக் கைவிட்டுக்கொண்டே வருகிறது. ஃபெர்மி தலைமுறைக்கு 390 வரிசையோடு முடிந்தது. கெப்ளருக்கு 470 வரிசையோடு. டிஸ்ட்ரோவை (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை) புதிய பதிப்புக்கு ஏற்றும்போது டிரைவரும் முன்னேறிவிட்டால் அது கார்டை அடையாளம் காணாது. உபுண்டுவில் உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ் என்று கேட்டால் உங்கள் கார்டுக்கு எது பொருந்தும் என்று சொல்லும். கணக்கு எழுதவும் உலாவியில் வேலை பார்க்கவும் மட்டும்தான் என்றால், என்விடியா தொகுப்புகளை நீக்கிவிட்டு நூவோவிலேயே இருங்கள். தயவுசெய்து என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பை இறக்கி, ஏற்கெனவே இருக்கும் தொகுப்புகளின் மேலேயே ஓட்டாதீர்கள். அன்று திரை வரும், அடுத்த கெர்னலில் மறுபடி போகும். அதற்குள் எந்தக் கோப்பு யார் வைத்தது என்று பேக்கேஜ் மேனேஜருக்கே தெரியாத நிலை வந்துவிடும்.

நிறுவும்போது யாரோ சேர்த்த நோமோட்செட் என்ற சொல் கிரப் அமைப்பில் தங்கிவிட்டிருந்தாலும் கெர்னலோடு வரும் டிரைவர்கள் ரெசல்யூஷனைத் தொடாது. அதை எடுத்துவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டினால் முடிந்தது.

இனி இரண்டாவது வகை: டிரைவர் ஓடுகிறது, ரெசல்யூஷன் மட்டும் இல்லை. சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம். அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கோப்புறை இருக்கும். மானிட்டர் செருகியிருக்கும் இணைப்பின் கோப்புறையில் ஈடிஐடி என்ற கோப்பைப் பாருங்கள். எல்எஸ் போட்டால் அளவு எப்போதும் 0 என்றே காட்டும், அதை நம்பிவிடாதீர்கள். டபிள்யூசி -சி (wc -c) போட்டு எண்ணுங்கள். 128, 256 போன்ற எண் வந்தால் குறிப்பு வந்திருக்கிறது. 0 வந்தால் வரவில்லை, சந்தேகத்தைக் கேபிள் பக்கம் திருப்புங்கள். எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் மலிவான கன்வெர்ட்டர், புரொஜெக்டருக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், ஒரே திரையைப் பல கணினிகளுக்குப் பகிரும் கேவிஎம் ஸ்விட்ச் ஆகியவை பல நேரம் குறிப்பைக் கடத்துவதில்லை. அப்டேட் அன்றைக்கே ஏன் கெட்டது என்பீர்கள். வாரக்கணக்கில் அணைக்காமல் ஓடிய கணினியை அப்டேட்தான் ரீபூட் செய்ய வைத்தது. நடுவில் யாரோ மாற்றிய கேபிளின் குறை அப்போதுதான் வெளிப்படுகிறது. நேரடிக் கேபிளில் ஒருமுறை செருகிப் பாருங்கள்.

கன்வெர்ட்டரை மாற்றவே வழியில்லை என்றால்தான் ரெசல்யூஷனைக் கையால் திணிக்க வேண்டும். எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் இயங்கும் அமர்வில், சிவிடி கட்டளை தரும் வரியை ரெசல்யூஷனை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் நியூமோட், ஆட்மோட் என்று கொடுப்பது வழக்கம். இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 1920×1080-க்கு வெறும் சிவிடி தருவது 173 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கடிகாரம் (திரைக்குப் புள்ளிகளை அனுப்பும் வேகம்). சிங்கிள் லிங்க் டிவிஐ தாங்குவது 165 வரைதான். அதனால் டிரைவர் மறுத்துவிடும், அல்லது திரை கறுத்துவிடும். சிவிடி -ஆர் என்று கேட்டால் அதே ரெசல்யூஷன் 138.5 மெகாஹெர்ட்ஸில் வரும், எல்சிடி திரைக்கு அது போதும். எக்ஸ்11-க்குப் பின் வந்த வேலண்ட் அமர்வில் எக்ஸ்ரேண்டர் எதையும் மாற்றாது. அங்கே கிரப்பின் கெர்னல் வரியில் வீடியோ= என்று தொடங்கி இணைப்பின் பெயரையும் ரெசல்யூஷனையும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று: டிரைவரும் சரி, குறிப்பும் சரி, பழைய அமைப்புக் கோப்பு குறுக்கே நிற்கும். இடிசி எக்ஸ்11 கோப்புறையில் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் இருந்து, அதில் இப்போது இல்லாத டிரைவரின் பெயர் எழுதியிருக்கலாம். பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள், அழிக்க வேண்டாம். இன்டெல் கார்டில் பழைய டிரைவர் எச்டிஎம்ஐ1 என்று சொன்ன இணைப்பைப் புதிய மோட்செட்டிங் டிரைவர் எச்டிஎம்ஐ-1 என்று சொல்லும். நடுவில் வந்த அந்தச் சிறு கோட்டினால், லாகினில் ஓடும் எக்ஸ்ரேண்டர் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தோற்றிருக்கும். க்னோம் டெஸ்க்டாப்பில் ஹோம் கோப்புறையின் கான்ஃபிக்கில் இருக்கும் மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிகேஎம்எஸ் வழியாக என்விடியா ஓடும் கணினிகளில், அப்டேட் முடிந்ததும் ரீபூட் செய்யும் முன்பே நான் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் போட்டுப் பார்த்துவிடுகிறேன். புதிய கெர்னலின் எண்ணுக்கு நேரே இன்ஸ்டால்டு என்று இருந்தால்தான் ரீபூட். இல்லையென்றால் ஹெடர்ஸை நிறுவி, டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் ஓட்டி, அந்த வரி வந்த பிறகே அணைக்கச் சொல்கிறேன். நீலத்திரை வந்தால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, மேசையிலேயே ஒட்டிவிட்டும் வருகிறேன்.