பணம் கட்டும் பக்கத்தில் 14 ஸ்கிரிப்ட்

வலைத்தளங்களின் பாதுகாப்பைச் சோதிப்பது என் தொழில். அண்மையில் ஓர் இணையக் கடையின் பணம் கட்டும் பக்கத்தில் எண்ணிப் பார்த்தேன். 14 ஸ்கிரிப்ட், அதாவது பிரவுசருக்குள் ஓடும் சிறு நிரல்கள், ஓடின. அவர்களே எழுதியவை மூன்றுதான். "மற்றதெல்லாம் வேற டொமைனிலிருந்து வருது சார், நம்ம டேட்டாவைத் தொட முடியாதே?" என்றார் அங்கிருந்த டெவலப்பர்.

முடியும். ஸ்கிரிப்ட் எந்த சர்வரிலிருந்து வந்தாலும், உங்கள் பக்கத்தில் ஓடத் தொடங்கிவிட்டால் உங்கள் ஸ்கிரிப்டுக்குள்ள உரிமை அத்தனையும் அதற்கும் உண்டு. கார்டு எண்ணை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும், பிரவுசர் தளத்துக்காகச் சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் இருக்கும் டோக்கனையும் (பயனர் உள்நுழைந்ததற்கான அடையாளம்) எடுக்கும். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்தது இதுதான். மாடர்னைசர் என்ற பழைய லைப்ரரி (ஆயத்த நிரல்) கோப்பின் கடைசியில் திருடர்கள் 22 வரிகளைச் சேர்த்திருந்தார்கள். பயணி பட்டனை அழுத்தியதும் படிவத்தில் நிரப்பியது முழுவதும் திருடர்களின் சர்வருக்குப் போனது. 2020இல் அந்த நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 2 கோடி பவுண்டு.

ரகசியத்தை குளோஷருக்குள், அதாவது ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும் தெரியும் மாறியாக, வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மாறியை வெளியிலிருந்து படிக்க முடியாது, சரி. ஆனால் அந்நிய ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டு, சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் ஃபங்ஷனையே மாற்றி எழுதிவிட்டால், டோக்கனை நீங்களே அதன் கையில் கொடுப்பீர்கள். உங்கள் ஸ்கிரிப்ட் முதலில் ஓடி எல்லாவற்றையும் மாற்ற முடியாதபடி ஃப்ரீஸ் செய்தாலும், படிவம் எல்லாருக்கும் பொதுவாகத்தான் கிடக்கும். குக்கியை (உள்நுழைவு போன்ற விவரத்தை பிரவுசர் வைத்திருக்கும் சிறு பதிவு) எச்டிடிபி ஒன்லி என்று குறித்தால் ஸ்கிரிப்டால் படிக்க முடியாது. ஆனால் பயனர் பெயரில் கோரிக்கை அனுப்புவதை அது தடுக்காது.

வெளிக் கோப்பின் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) அதை அழைக்கும் எச்டிஎம்எல் டேக்கிலேயே எழுதிவைப்பது நல்ல காவல். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் அதை ஓட்டாது. ஆனால் பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பும் நிரலைத் தந்த பாலிஃபில் ஐஓ போன்ற சேவைகளுக்கு இது பொருந்தவில்லை. அது பிரவுசருக்குத் தக்கபடி வேறு வேறு கோப்பைத் தந்தது. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் கைமாறியது. ஜூன் மாதத்துக்குள் அதிலிருந்து தீய நிரல் வரத் தொடங்க, அதை நம்பியிருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஆபத்தில் சிக்கின.

அந்தக் கடைக்கு நான் முதலில் சொன்னது, பணம் கட்டும் பக்கத்திலிருந்து தேவையற்றதைத் தூக்குங்கள் என்பதுதான். இரண்டு ஸ்கிரிப்டை யார் சேர்த்தது என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. அப்புறம், கார்டு விவரம் கேட்கும் பெட்டியைப் பணப் பரிமாற்றத்தைக் கையாளும் பேமென்ட் கேட்வேயின் ஐஃப்ரேமுக்கு (பக்கத்துக்குள் பதிக்கும் தனிப் பக்கம்) மாற்றினோம். வேறு ஆரிஜின் (வேறு தள முகவரி) என்பதால் அதற்குள் எட்டிப் பார்க்க கடைப் பக்கத்தின் எந்த ஸ்கிரிப்டாலும் முடியாது. ஆனால் ஐஃப்ரேமையே பிடுங்கிவிட்டுப் போலி ஒன்றை வைக்க முடியும். அதனால் எந்த டொமைனின் ஃப்ரேம் வரலாம், எந்த முகவரிக்குத் தகவல் போகலாம் என்பதை, பிரவுசர் அமல்படுத்தும் விதிப்பட்டியலான கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசியில் பெயர் சொல்லி எழுதினோம். ஒரு வாரம், மீறலைத் தடுக்காமல் தெரிவிக்க மட்டும் செய்யும் ரிப்போர்ட் ஒன்லி முறையில் ஓடவிட்டு, எதுவும் உடையவில்லை என்று பார்த்த பிறகுதான் அதை முழுமையாக இயக்கினோம்.