கன்னெய் விளக்கும் குதிரைப் பேருந்தும்

"பொழுது சாய்ந்ததும் வேலையாள் கன்னெய் விளக்கை ஏற்றி வைத்தான்." மெய்ப்புத் திருத்த வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி. கதை நடப்பது 1880களின் சென்னப்பட்டணத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டில். ஏதோ பூசை விளக்கு போலிருக்கிறது, துரை வீட்டில் எதற்கு என்று யோசித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன். பத்துப் பக்கம் கழித்து அதே கன்னெய் டின்னில் வந்து இறங்கியது. அட, மண்ணெண்ணெய்! இந்த வருடத்தில் என் கண்ணில் படும் மூன்றாவது கன்னெய் இது. இனியும் சும்மா இருக்க முடியாது.

முதலில் மூலச்சொல். கெரசின் என்பது கனடாக்காரர் ஆபிரகாம் கெஸ்னர் 1854-இல் வைத்த வணிகப் பெயர். கிரேக்கத்தில் 'கெரோஸ்' என்றால் மெழுகு. 'கெரசின் ஆயில்' நம்மூர் வாயில் புரண்டு கிருஷ்ணாயில் ஆயிற்று. கண்ணனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, கன்னெய் எங்கிருந்து வந்தது? கல் + நெய். நல் + நூல் நன்னூல் ஆவதுபோல. புணர்ச்சியில் குற்றம் சொல்ல மாட்டேன். பெட்ரோலியம் என்ற சொல்லே 'பாறை எண்ணெய்' என்றுதான் பொருள்படும் என்பதால், அதற்கு நேராகச் செய்த சொல் இது. பூமிக்கடியிலிருந்து வரும் கச்சாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விளக்கில் ஊற்றுவது கச்சாவையா? அதைக் காய்ச்சி வடித்துப் பிரித்த பல சரக்குகளில் ஒன்றுதான் மண்ணெண்ணெய். "தலையில் கொப்பரை தடவி வாரினாள்" என்று யாராவது எழுதுவார்களா?

இதைச் சொன்னால் தனித்தமிழ் நண்பர் ஒருவர் பாய்கிறார். எண்ணெய் என்பதே எள் + நெய். அப்படியானால் மண்ணெண்ணெய் என்பது மண் + எள் + நெய், இது அபத்தம் இல்லையா என்கிறார். அபத்தம்தான். அப்புறம் தேங்காய் எண்ணெயில் எள் எங்கே இருக்கிறது? வேப்பெண்ணெயில்? அதே கணக்கில் விளக்கெண்ணெயையும் தூக்கி எறிய வேண்டியதுதான். ஒரு காலத்தில் ஆமணக்கெண்ணெயைத்தான் விளக்குக்கு ஊற்றினோம், அதனால் அந்தப் பெயர். கப்பலில் மண்ணெண்ணெய் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. பெயர் மட்டும் பழைய ஆளிடமே தங்கிவிட்டது. இன்று விளக்கெண்ணெய் என்றால் பேதிக்குக் கொடுப்பது, அல்லது ஆளைத் திட்டுவது. எள்ளை மறந்த பிறகுதான் 'எண்ணெய்' இத்தனை சரக்குக்கும் பொதுவாக உழைக்கிறது.

நெய்யில்தான் எனக்குப் பெரிய சண்டை. பழந்தமிழில் நெய் எல்லா எண்ணெய்க்கும் பொது என்பது தெரியும். இன்றைக்கு நெய் விளக்கு என்றதும் நம் மூக்குக்கு எந்த வாசனை வருகிறது? அந்த அதிகாரி வீட்டில் புகையும் நாற்றமும் சிம்னியில் படிந்த கரியும் இருக்க வேண்டிய இடத்தில் கன்னெய் என்று எழுதினால், கர்ப்பக்கிரகம் வந்து நிற்கிறது. என் பாட்டி வீட்டில் மண்ணெண்ணெய்ப் பாட்டிலின் கழுத்தில் சணல் கட்டி, அடுப்படிக்கு வெளியே ஆணியில் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே வைத்தால் சோற்றில் வாடை ஏறும். அந்தப் பாட்டிலைப் போய் நெய் என்றால் பாட்டி என்ன சொல்லியிருப்பார்!

மண்ணெண்ணெய் என்பது நாம் தனியாக உட்கார்ந்து செய்த சொல்லும் இல்லை. மலையாளத்தில் மண்ணெண்ண, இந்தியில் மிட்டி கா தேல், சிங்களத்தில் பூமிதெல், மலாயில் மின்யாக் தானா. எல்லாம் மண், நிலம், எண்ணெய்தான். பர்மாவில் ஏனஞ்சாவுங் பக்கம் கையால் கிணறு தோண்டி எடுத்த எண்ணெயை ஆங்கிலேயரும் மண் எண்ணெய் என்றே எழுதினார்கள். வங்கக் கடலைச் சுற்றிக் கரைக்குக் கரை புழங்கிய பெயரை ஒரு மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்து அழிக்கிறார்.

பேச்சில் வரும் இடமானால் நான் சீமெண்ணெய் என்றே போடுவேன். கன்னடத்திலும் சீமெ எண்ணெ உண்டு. சீமை முதலில் எல்லை, பிறகு நாடு (சிவகங்கைச் சீமை), பிறகு இங்கிலாந்து, கடைசியில் கப்பலில் வந்த எதுவும். வேடிக்கை என்னவென்றால் இந்தச் சீமைச்சரக்கு வந்தது அமெரிக்காவிலிருந்தும் அன்றைய ருசியாவின் பாக்கு நகரத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும். சீமைக்கருவேலம் எந்தச் சீமையிலிருந்து வந்ததோ அந்த மாதிரி. டின் ஒன்றுக்கு 5 அமெரிக்க கேலன், அதாவது 19 லிட்டர் சுமார். இரண்டு டின் ஒரு மரப்பெட்டி. எண்ணெய் தீர்ந்ததும் டின்னுக்கு வாயை வெட்டிக் குறுக்கே கட்டை அடித்தால் தண்ணீர் சுமக்கலாம். தகரமாக விரித்தால் கூரை.

இதே புத்தகத்தில் குமுட்டி அடுப்பில் நிலக்கரி போடுகிறார்கள். அடுப்புக்கரி, ஐயா! விறகை மூட்டம் போட்டு எடுக்கிற மரக்கரி. நிலக்கரி ரயிலுக்கு.

அதோடு விட்டாரா? "பேருந்திலிருந்து குதிரைகளை அவிழ்த்தார்கள்" என்று ஒரு வரி. மூலத்தில் இருந்த சொல் கோச். இன்றைய ஆங்கிலத்தில் கோச் என்றால் நெடுந்தூரப் பேருந்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உந்து என்பது தானே உந்திக்கொண்டு போவது; அதற்குக் குதிரை எதற்கு? ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த வண்டி, ஐரோப்பா முழுக்க அந்த ஊர்ப் பெயரோடு ஓடியது. சென்னையில் அது கோச்சு வண்டி. கூடவே பீட்டன், சாரட்டு, ஏழை பாழைக்கு ஜட்கா. ஓரத்தில் கோச்சு வண்டி என்று எழுதினேன். ரதம் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள், அது இரண்டு சக்கரத்தில் அர்ச்சுனன் போனது என்றும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

போன வாரம் அடுத்த மெய்ப்பு வந்தது. நிலக்கரி போய்விட்டது. கன்னெய் இருந்த இடத்தில் எல்லாம் 'எரிநெய்' உட்கார்ந்திருந்தது. பேருந்து, 'குதிரைத் தேர்' ஆகியிருந்தது.