குற்றவியல் நீக்கம்: ‘டீகிரிமினலைசேஷன்’ என்பதற்குத் தமிழ்

போர்ச்சுகலில் போதைப்பொருளுக்குத் தடையே இல்லை என்று அடிக்கடி படிக்கிறோம். தடை இருக்கிறது. 2001 ஜூலை 1 முதல் அங்கே நடப்பில் இருப்பது ‘டீகிரிமினலைசேஷன்’. அதைச் ‘சட்டபூர்வமாக்கல்’ என்று எழுதப்போய் வந்த குழப்பம் இது. சட்டபூர்வமாக்கல் என்பது ‘லீகலைசேஷன்’. 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாவுக்குக் கனடா செய்தது அதைத்தான்: உரிமம் பெற்ற கடை, ரசீது, வரி.

போர்ச்சுகல் கதை வேறு. ஒருவருக்கு 10 நாளைக்குப் போதுமான அளவு (ஹெராயின் என்றால் 1 கிராம், உலர்ந்த கஞ்சா என்றால் 25 கிராம்) வைத்திருந்து பிடிபட்டால் பொருள் பறிமுதலாகும்; குற்ற வழக்கு கிடையாது. மூன்று பேர் கொண்ட குழுவின் முன் ஆஜராக வேண்டும். சட்டம் படித்தவரும், மருத்துவம், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளைச் சேர்ந்தவர்களும் அதில் இருப்பார்கள். சிகிச்சைக்குப் போகச் சொல்வார்கள், அபராதம் போடுவார்கள், அல்லது எச்சரித்து அனுப்புவார்கள். விற்றவருக்கு மட்டும் பழையபடி சிறை.

சொல்லின் வேர் லத்தீனின் ‘கிரீமென்’. அதற்குக் குற்றச்சாட்டு, பழி என்று பொருள். அதாவது செய்த செயலைவிட, அதற்காக ஒருவர்மேல் சுமத்துவதைக் குறித்த சொல். முன்னால் ‘டீ’ சேரும்போது அந்தச் சுமை இறங்குகிறது. செயல் நல்லதாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

தமிழில் சிக்கல் இங்கேதான். ‘குற்றநீக்கம்’ என்றும் ‘குற்றமற்றதாக்கல்’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் நம் ‘குற்றம்’ நீதிமன்றத்தைவிடப் பெரியது. குறளின் குற்றங்கடிதல் அதிகாரத்தில் சினமும் கஞ்சத்தனமும் குற்றங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் அவற்றுக்கு வழக்குப் பதிய மாட்டார்கள். சிவன் பாட்டில் நக்கீரர் கண்டதாகச் சொல்லப்படுவதும் குற்றம்தான். எனவே ‘போதைப்பொருளுக்குக் குற்றநீக்கம்’ என்றதும் ‘அப்படியானால் அது தப்பில்லையா?’ என்று கோபம் வருகிறது. கோபப்படுபவரைக் குறை சொல்ல மாட்டேன், சொல் அப்படி அமைந்துவிட்டது.

கிரிமினல் சட்டத்தைக் ‘குற்றவியல் சட்டம்’ என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டோம். அதிலிருந்து ஒரு செயலை எடுப்பது ‘குற்றவியல் நீக்கம்’. சற்று நீளம்தான், ஆனால் தப்பா சரியா என்ற கேள்வியை இந்தச் சொல் முடித்துவைப்பதில்லை. ஒன்றைத் தப்பு என்று உறுதியாக நம்பிக்கொண்டே அதற்குச் சிறை கூடாது என்று வாதாட ஒருவருக்கு இடம் வேண்டுமே. தன் உடம்பைக் கெடுத்துக்கொள்பவரைச் சிறையில் தள்ளி மேலும் கெடுப்பது எந்த நியாயம் என்பது அந்த வாதம்.

எதிர்வாதமும் லேசானதல்ல. வாங்கி வைத்திருப்பவருக்குச் சிறை இல்லை, விற்பவருக்கு உண்டு என்றால் சரக்கு கடத்தல்காரர் கையிலேயே இருக்கும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சோதிக்க மாட்டார்கள். அதைத் தீர்க்கச் சட்டபூர்வமாக்கலுக்குப் போனால் விற்பனை கூடுவதில் அரசுக்கே ஆதாயம் வந்துவிடும். டாஸ்மாக் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021 பிப்ரவரியில் போர்ச்சுகல் வழியில் இறங்கியது. 100 டாலர் அபராதம். உதவி எண்ணை அழைத்து உடல்நலப் பரிசோதனைக்கு உட்பட்டால் அதுவும் தள்ளுபடி. அழைத்தவர்கள் சொற்பம். 2024 செப்டம்பர் முதல் வைத்திருப்பது மறுபடியும் குற்றம். குழுவையும் சிகிச்சையையும் முதலில் கட்டிவைக்காமல் வழக்கை மட்டும் எடுத்தால் நீக்கம் நிலைக்காது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உட்கொள்வதே குற்றம். 27ஆம் பிரிவின்படி ஹெராயின், கொக்கைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரையும், மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரையும் சிறை விதிக்கலாம். போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறவும் முடியும். இதையும் சிலர் டீகிரிமினலைசேஷன் என்கிறார்கள். இல்லை. செயல் குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே இருக்க, ஒருவரை மட்டும் நிபந்தனையோடு வெளியே விடுவதற்கு நம்மிடம் பழகிய சொல் இருக்கிறது: வரிவிலக்கில் வருகிற அதே ‘விலக்கு’.