சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர் எங்கே?

ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். பகல் ஒரு மணிக்குப் பந்தி, நாலு மணிக்குள் பலருக்கு வாந்தி. "கறி சரியில்லப்பா" என்று ஊரே பிரியாணியைக் கைகாட்டும். விசாரிக்க வருபவரோ, சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களைத் தேடிப் போவார்.

நோயாளிகளை மட்டும் கேட்டால் அநேகமாக எல்லாருமே பிரியாணி சாப்பிட்டிருப்பார்கள். ஆம்பூர்க் கல்யாணத்தில் வேறென்ன சாப்பிடுவார்கள்? அதனால் 60 பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு பண்டத்துக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும். பிரியாணி சாப்பிட்ட 55 பேரில் 29 பேருக்கு வாந்தி, நூற்றுக்கு 53. தொடாத 5 பேரில் 3 பேருக்கு, நூற்றுக்கு 60. பிரியாணி தப்பித்தது. பிரெட் அல்வா சாப்பிட்ட 40 பேரில் 30 பேர் படுத்துவிட்டார்கள், சாப்பிடாத 20 பேரில் 2 பேர்தான். சரி, அந்த இரண்டு பேர்? பிள்ளை இலையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டதை மறந்திருப்பார்கள். பந்திச் சாட்சியம் அப்படித்தான்.

அடுத்த துப்பு கடிகாரம். சால்மோனெல்லா என்ற கிருமி ஆளைப் படுக்கவைக்க வழக்கமாக அரை நாளாவது ஆகும். அது உடலுக்குள் பெருக வேண்டும். மூன்று மணி நேரத்தில் வாந்தி என்றால், பந்திக்கு முன்பே உணவில் நஞ்சு ஊறியிருக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் மேல் சந்தேகம் வரும். சூடாக்கினால் இந்தக் கிருமி செத்துப்போகும், அது விட்டுவைத்த நஞ்சு சாகாது. "திரும்ப நல்லா கொதிக்க வெச்சோமே" என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

இதெல்லாம் சேதி வந்தால்தான். ஒரு டாக்டரிடம் மூன்று பேர், அடுத்த தெரு டாக்டரிடம் இரண்டு பேர் என்று போனால் யாருக்கும் சந்தேகம் வராது. 1980களில் வடஆற்காடு மாவட்டத்தில் வேலூர் சிஎம்சியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் இதற்கு எளிய வழி கண்டார். அரசு, தனியார் டாக்டர்கள் நோய்த் தகவலை அஞ்சலட்டையில் எழுதிப்போட, அவை ஒரே இடத்தில் சேர்ந்தன. திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரை எழுத்துக்கூட்டினால் 'நதி' என்று வரும்; பாலாற்றங்கரைக்குப் பொருத்தம்தான்.

ஆள் போய்ச் சேர்வதற்குள் அண்டா கழுவிக் கவிழ்த்திருக்கும். மிச்சம் கிடைத்தால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் அல்வா கிளறியவரைத் தேட வேண்டும். எத்தனை மணிக்கு இறக்கினார், எங்கே வைத்தார் என்று கேட்கவேண்டும். அப்புறம் விரலில் வெட்டுக்காயமோ சீழ்க்கொப்புளமோ இருக்கிறதா என்று கையை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.