பின்னோட்டக் காப்பு: ‘ரிவர்ஸ் கரண்ட் புரொடெக்‌ஷன்’ என்பதன் தமிழ்

சாதாரண பிரேக்கர் மின்னோட்டத்தின் அளவை மட்டும் பார்க்கும். ரிவர்ஸ் கரண்ட் காப்பு பார்ப்பது திசையை. மின்சாரம் கொடுக்க வேண்டிய இடம் வாங்கத் தொடங்கினால், ஓட்டம் சிறிதாக இருந்தாலும் சுற்றைத் துண்டித்துவிடும்.

அந்த வேலையைக் கண்ணால் பார்க்க ஏற்றது, டைனமோ இருந்த காலத்துக் கார்களின் கட்-அவுட் என்ற தானியங்கித் துண்டிப்பான். ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு சுருள்கள். மெல்லிய கம்பியில் பல சுற்றுகள் கொண்டது மின்னழுத்தச் சுருள். தடித்த கம்பியில் சில சுற்றுகளே கொண்டது மின்னோட்டச் சுருள். டைனமோவின் அழுத்தம் 12 வோல்ட் பேட்டரியின் அழுத்தத்தைத் தாண்டியதும் முதல் சுருள் தொடுமுனைகளை இழுத்து மூடும். சார்ஜ் ஏறும்வரை இரண்டாவது சுருளும் அதற்குத் துணை நிற்கும். எஞ்சின் வேகம் குறைந்தால் பேட்டரியிலிருந்து டைனமோவுக்கு மின்சாரம் திரும்பிப் பாயும். அப்போது தடித்த சுருளின் காந்தப்புலம் திசை மாறி மற்றதன் பிடியைத் தளர்த்த, ஸ்பிரிங் தொடுமுனைகளைப் பிரித்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு! தடுக்க வேண்டிய ஓட்டமே தன்னைத் துண்டிக்கிறது. பின்னாளில் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் இந்த வேலையை எடுத்துக்கொண்டன.

மாறுமின்னோட்டத்தில் கதை வேறு. 50 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதில் ‘திரும்பி வந்த ஓட்டம்’ எது? அதனால் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கட்டம் (ஃபேஸ்) ஒப்பிட்டு, திறன் எந்தப் பக்கம் போகிறது என்று, சுற்றைக் கண்காணிக்கும் கருவியான ரிலே கணிக்கிறது. இணையாக ஓடும் ஜெனரேட்டர்களில் ஒன்றுக்கு எரிபொருள் நின்றால், மற்றவை அதை மோட்டாராகச் சுழற்றும், எஞ்சினே பழுதாகலாம். இதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்வது ரிவர்ஸ் பவர் ரிலே. சுற்று வரைபடங்களில் அதன் எண் 32.

இனி சொல். ‘கரண்ட்’, ஓடு என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘ரிவர்ஸ்’, திரும்பு என்பதிலிருந்து. நம் ‘ஓட்டம்’ கரண்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. சிக்கல் ‘ரிவர்ஸ்’ என்பதில். ‘எதிர்மின்னோட்டம்’ என்று எழுதினால், எதிர்மின்னி, எதிர்மின்வாய் என்று படித்துப் பழகியவர் அதை நெகட்டிவ் மின்னூட்டத்தோடு சேர்த்துவிடுவார். ‘தலைகீழ் மின்னோட்டம்’ வயரை மாற்றிக் கொடுத்ததைப் போல ஒலிக்கிறது. ‘பின்னோட்டம்’ திசையை மட்டும் சொல்கிறது. ஆகவே பின்னோட்டக் காப்பு, பின்னோட்ட முறிப்பான் (பிரேக்கர்). ரிவர்ஸ் பவருக்குத் திறன் பின்னோட்டம்.

பிளஸ், மைனஸ் மாறிப் போனால் காப்பது வேறு ஏற்பாடு. அதை முனைமாற்றக் காப்பு எனலாம். துருவக் குறியிட்ட டி.சி. பிரேக்கர்களையும் இதோடு குழப்பக் கூடாது. அவற்றுள் இருக்கும் நிலைக்காந்தம் தீப்பொறியை அணைப்பறைக்குள் தள்ளும். ஓட்டம் திரும்பினால் தள்ளும் திசையும் மாறி, தீப்பொறி அணையாமல் பிரேக்கரே எரியலாம். அத்தகைய பிரேக்கரில் பின்னோட்டக் காப்பு இல்லை. பின்னோட்டமே அதற்கு ஆபத்து.